மடிப்பு வைக்காமல் தைத்த திரை

காலையில் உன் வீட்டுக்காரர் என் தையல் கடைக்கு வந்து ஒரு பையை மேசைமேல் வைத்தார். திறந்ததும் சாம்பிராணி வாசனை. வெள்ளிக்கிழமைதோறும் நீ போட்ட புகை அந்தத் திரைச்சீலைகளில் இன்னும் இருக்கிறது.

"வீட்ட வித்துட்டேன் தங்கச்சி. அவ இல்லாம அங்க இருக்க முடியல. மக வீட்டு ஜன்னல்ல மாட்டிப் பாத்தேன், எட்டல. செத்த இறக்கி விட்டுத் தாங்களேன். அவதான் எப்பவும் அடியில துணி விட்டுத் தைக்கச் சொல்லுவாளே."

சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

நீ முதன்முதலாக வந்தபோது ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தாய். தலை நுழையாத ஜன்னலுக்குக் கதவளவு துணி கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத ஏட்டி. மிச்சத்த அடியில மடிச்சுத் தை. அடுத்த வீட்டு ஜன்னல் எம்புட்டு உசரமோ!" என்றாய். காப்பிக்கொட்டை நிறம் உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும் என்று அதையே எடுத்தாய்.

வாடகை வீட்டு ஓனர்கள் காலி பண்ணச் சொன்னபோதெல்லாம் அதே திரையோடு என்னிடம் வந்தாய். தளவாய்புரத்து வீட்டுக்கு ஏற்றித் தைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடிவீட்டுக்கு மடிப்பைப் பிரித்து இறக்கினேன். மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் வெளுக்காமல் புதுசாக இருந்தது. "பாத்தியா, இதுக்கு மட்டும் வயசாகல" என்று தடவித் தடவிப் பார்த்தாய்.

பிறகு செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் சொந்த வீடு. அவர் ஜன்னலுக்குப் பட்டை பட்டையான பிளைண்ட்ஸ் போடலாம் என்றதற்கு நீ பிடித்த சண்டையைக் கடைத்தெருவே கேட்டது. "அதெல்லாம் பேங்குக்குப் போடுங்க. மலைக்காத்து வந்தா என் வீட்டுல துணி ஆடணும்." ஒவ்வொரு துணியையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாய். அன்று என் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. கடைசியில் தளிர்ப்பச்சை. சோபா உறையும் அதிலேயே.

வழக்கம்போல மடிப்புக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேண்டாம்டி. அளவாத் தை. இனிமே நான் எங்கயும் போகல."

அந்த வீட்டில் ஒரு மழைக்காலம்கூட முழுசாக இருக்கவில்லை நீ. காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. எங்கேயும் போகமாட்டேன் என்று சொன்னவள்தானே? எனக்கு உன்மேல் ஆறாத கோபம்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு எதுவும் ஆறவில்லை. சொந்த வீட்டுக்கு என்று யார் வந்தாலும் இப்போதெல்லாம் கேட்காமலே அடியில் ஒரு சாண் மடித்து வைக்கிறேன். துணியை வீணாக்குகிறேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். உன்னிடமிருந்து என் கைக்கு வந்து தங்கியது அந்த ஒரு சாண்தான்.

நாளை அவர் வருவார். இந்தப் பச்சைத் திரைக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். உனக்கு ஒட்டுப் போட்டால் பிடிக்காது என்று அவருக்கும் தெரியும். கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே துணி இல்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு திரையாக அடியைப் புரட்டிப் பார்த்தேன்.