தீவில் கிடக்கும் அப்பாவின் பென்ஷன்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
14.11.1983

அன்பு மகள் உர்சுலாவுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தம்பி சிலுவைக்குப் போன வாரம் மறுபடி வலிப்பு வந்து தேக்கா மார்க்கெட் வாசலில் விழுந்துவிட்டான், மீன் விற்கிற சீனர்தான் தூக்கி உட்கார வைத்தாராம். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே. பயப்பட வேண்டியது அப்பாவைப் பற்றித்தான்.

அப்பாவின் இருமல் சளி இருமல் இல்லை உர்சுலா. கப்பல் இன்ஜின் ரூமில் குழாய்களைச் சுற்றிக் கட்டுகிற சாமானின் தூசி இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் போயிருக்கிறதாம். குணமாக்க முடியாது, வருகிற ஈஸ்டரைப் பார்ப்பதே கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கும் தெரியும். இப்போது கட்டிலிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

பென்ஷன் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். கப்பல் கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அப்பா சம்பளத்தில் பிடித்த பணம் இங்கே சர்க்கார் சேமிப்பான சிபிஎஃப்பில் இல்லை, இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவில் இருக்கிற ஆபீசில்தான் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து ஆகிறது. அதற்குள் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டால் முழுசும் நம்முடையது. விட்டுவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் மாசாமாசம் அனுப்புவார்கள், அவரோடு அதுவும் நின்றுவிடும். பிறகு நானும் சிலுவையும் என்ன செய்வோம், வேலைக்குப் போன இடத்திலெல்லாம் இரண்டாம் நாளே அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

போன மாதம் அந்த ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இங்கே வந்தார். இந்த மாதிரி ஆட்களை நேரில் பார்த்துப் பென்ஷனை மாற்றிக் கொடுக்கத்தான் வந்தாராம், ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம். நான் அப்பாவுக்கு நெஞ்சில் தைலம் தேய்த்து, இருமல் மருந்து கொடுத்து, கல்யாணக் கோட்டைப் போட்டுவிட்டேன். கேட்டால் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் பேச வேணாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு மைமூன் அக்காவின் புருஷன் அப்துல் ஹமீது டாக்சியில் ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. அந்த வெள்ளைக்காரர் எழுந்து கை கொடுத்தார், உட்காரச் சொன்னார், உடம்பு எப்படி மிஸ்டர் ஆம்ப்ரோஸ் என்றார். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நோ சார், மை லங்ஸ் ஆர் ஃபினிஷ்ட் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும் உர்சுலா. வெள்ளைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் கத்தியது கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு வார்த்தையிலே எங்க ரெண்டு பேரையும் தெருவிலே நிறுத்திட்டீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா மூச்சு அடங்கிய பிறகுதான் சொன்னார். அவரோடு அதே கப்பலில் வேலை பார்த்த லாசரஸ் அண்ணன் இதே இருமலை மறைத்து, நல்லா இருக்கேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் மாற்றினாராம். அவர் செத்த பிறகு விஷயம் தெரிந்து, கொடுத்ததையெல்லாம் அவர் பெண்டாட்டி ரூபியிடம் திருப்பிக் கேட்டார்களாம். வீட்டை விற்றுவிட்டு அவள் இப்போது சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கிறாள். நான் செத்த பிறகு உன் கதவைத் தட்டி ஒருத்தன் கேக்கக் கூடாது அல்போன்சு என்றார்.

அடுத்த வாரம் அந்த வெள்ளைக்காரரே மைமூன் அக்கா வீட்டுக்குப் போன் பண்ணினார். இந்த மாதிரி வியாதிக்காரர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறதாம். அந்தத் தீவில் மூன்று பேர் உட்கார்ந்து முடிவு பண்ணினால் பெண்டாட்டி பேரிலேயே முழுசையும் இங்கே மாற்றிவிடலாமாம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கூடுவார்களாம். வெறும் காகிதத்தைப் பார்த்து எத்தனையோ பேரைத் தள்ளிவிடுகிறார்கள், சொந்தக்காரர் யாராவது நேரில் வந்து பேசினால் நல்லது என்றார். என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் கடிதத்தை இதோடு ரிஜிஸ்தர் தபாலில் வைத்திருக்கிறேன், அந்த ஆபீஸ் விலாசமும் நாளும் தனித்தாளில் இருக்கிறது. அங்கிருந்து கப்பல் போகிறதாம், போ கண்ணு. அழாதே, கோபப்படாதே, அவர்கள் பாஷையிலேயே அந்த மூச்சு எப்படி இழுக்கிறது என்று எடுத்துச் சொல்லு. கிறிஸ்துமஸுக்கு இங்கே வரத்தான் நீ லீவையும் டிக்கெட் காசையும் சேர்த்து வைத்திருக்கிறாய். தீவுக்குப் போனால் அந்த லீவும் காசும் அதிலேயே தீர்ந்துவிடும், இங்கே வர முடியாது, பிறகு வரும்போது அப்பா இருப்பாரா தெரியாது. தெரிந்துதான் கேட்கிறேன். பெற்ற அப்பாவைப் பார்க்க வராதே என்று மகளுக்கு எழுதுகிற அம்மாவாக ஆகிவிட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லையே.

இரண்டு நாளாக இதை எழுதுகிறதும் கிழிக்கிறதுமாக இருந்தேன். இன்று காலையில் அப்பா பார்த்துவிட்டார், வாசி என்றார், வாசித்தேன். பிறகு, அவளைப் போகச் சொல்லு, என் முகம் அவளுக்குத் தெரியும், அந்த மூணு பேருக்குத்தான் தெரியாது என்றார்.

மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். கப்பலில் காற்று அடிக்கும், ஸ்வெட்டரை மறக்காதே. முடிவு எதுவானாலும் மைமூன் அக்கா வீட்டுக்குப் போன் பண்ணு, அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டாவது போய்ப் பேச வைக்கிறேன்.

உன் அம்மா,
ஆ. அல்போன்சம்மாள்