நியூட்ரலுக்குப் போகிற கை

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்க வயல்.
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெயகரனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர, அதற்கும் காரணம் உப்பு இல்லை, நீங்கள் இரண்டு பேரும்தான். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் இரண்டு நிமிஷத்தில் உன் நைனா பிடுங்கிக்கொள்கிறார், அப்புறம் கிளச்சு, கியர், பிரேக் என்று அப்பனும் பிள்ளையும் கத்துகிறீர்கள், நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வருவதற்குள் கட் ஆகிவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு ஜூடித்தின் தம்பி சிரில் வெள்ளிக்கிழமை டொரண்டோவுக்கு விமானம் ஏறுகிறான், போய் இறங்கியதும் உனக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். பதினெட்டாம் தேதி டெஸ்டுக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும். வந்ததும் உட்கார்ந்து படி, சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

முதல் தடவை நீ டெஸ்டில் தோற்றபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது ஊர், வலது பக்கம் ஓட்டுகிற ரோடு, தோற்கலாம். ஆனால் இரண்டாவது தடவையும் அதே இடத்தில், அதே காரியத்துக்குத் தோற்றால் என்ன சொல்வது? ஏ கிளாஸ் லைசென்ஸ், ஏர் பிரேக்குக்கு அதோடு சேர்த்து இசட் என்று ஒரு எழுத்து, இதெல்லாம் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எழுத்துத் தேர்வில் பாஸ். ஏர் பிரேக்கில் பாஸ். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பேர் சொல்வதில் பாஸ். ரிவர்ஸ் பாஸ். எல்லாம் முடிந்து ரோட்டில் ஒரு இறக்கம் வந்ததும் கியரைப் பிடுங்கி நியூட்ரலில் விடுகிறாய், பக்கத்தில் இருக்கிற அதிகாரி பேனாவை எடுக்கிறார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும், வேலை போனால் பர்மிட்டும் போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நீயேதான் சொன்னாய். நாலு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கிப் படித்தது ஒரு இறக்கத்தில் போக வேண்டுமா?

சரி, ஆட்டோமேட்டிக் லாரியில் டெஸ்ட் கொடுடா என்று மூன்று மாதமாகத் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். அதில் கை போவதற்குக் கியர் குச்சியே இல்லை என்று நீதான் சொன்னாய். கம்பெனி வண்டிகளும் எல்லாம் ஆட்டோமேட்டிக்தானாம். அப்படியிருந்தும் லைசென்ஸில் இவன் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்று குறித்துவிடுவார்கள், அது அவமானம் என்கிறாய். யாருக்கு அவமானம், அந்த ஊரில் உன் லைசென்ஸை வாங்கிப் படிக்க உனக்கு எந்த மாமனார் இருக்கிறார்? இதற்கு உன் நைனாவும் ஒத்து ஊதுகிறார். கியர் மாற்றாதவன் டிரைவர் இல்லையாம், பொம்மையாம். அவர் சொன்னால் உனக்கு வேதம், நான் சொன்னால் காற்று.

அவர் லட்சணத்தையும் கேள். அவர் ஓட்டுகிற பெட்ரோல் டேங்கருக்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது, அபாயச் சரக்குக்கென்று தனி அனுமதி வேண்டும், அதைப் புதுப்பிக்க ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டும், உனக்கே தெரியும். அவர் கார்டில் சொந்த வண்டிக்கு ஒரு தேதி, லாரிக்கு ஒரு தேதி, அபாயச் சரக்குக்கு ஒரு தேதி. எது தூரத்தில் இருக்கிறதோ அதை மட்டும் படித்துவிட்டு இன்னும் காலம் இருக்கிறது என்று சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது ஒன்பது நாள்தான் பாக்கி. ஜூடித்தை உட்கார வைத்து விண்ணப்பம் போட்டு, டாக்டர் சான்றிதழ் வாங்கி, முப்பது வருஷம் ஓட்டினவனுக்கு எவன் வகுப்பு எடுப்பது என்று முறைத்தவரைப் போன மாதம் பஸ் ஏற்றி அனுப்பினேன். அங்கே வாத்தியார், டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் யார் என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்களாம், உன் நைனா முதல் ஆளாக. முதலாளி மஞ்சுநாத் நல்ல மைலேஜுக்கென்று கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பற்றியும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் சிரிக்கவில்லையாம். எஞ்சின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டும் எத்தனை தூரம் தாங்கும், சூடேறினால் என்ன ஆகும், பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை, உண்மையில் நான் போட மறந்திருந்தேன்.

அதற்கு நாலு நாள் கழித்துத்தான் நீ இரண்டாவது தடவை தோற்றுவிட்டுப் பேசினாய். அறிவு இருக்கிறதா என்று அவர் கத்தியதும் நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "நான் போடல நைனா, கை தானா போச்சு. அது உன் கை." நீ கோபத்தில் சொன்னாயோ அழுகையில் சொன்னாயோ தெரியாது. மொகிலி காட் மலைரோட்டில் உனக்கு ஹெவி பழக்கும்போது, இங்கே விட்டால் அடிவாரம் வரைக்கும் சொட்டு டீசல் செலவில்லை என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை, உன்மேலும்தான்.

இன்றைக்குக் காலையில், கிளம்பு, பேத்தமங்களா வரைக்கும் போகலாம் என்றார். கோயிலுக்கா என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனையில் ஏனோக்கின் செங்கல் லாரி காலியாக நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார், வண்டி சும்மா கிடக்கும் என்று சாவி வாங்கி வைத்திருக்கிறார். இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னைக் கேபினில் ஏற்றியது தனிக் கதை. ஏறி உட்கார்ந்ததும், இறக்கத்தில் என் கை குச்சிக்குப் போனால் அடி என்றார். கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு உத்தரவு எனக்குக் கிடைத்ததில்லை, வெயிலுக்குக் கொண்டுபோன குடையைத் தயாராக வைத்துக்கொண்டேன். முதல் இறக்கத்தில் மூன்று அடி. திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு வந்து இரண்டாவது தடவை இறக்கினார், இரண்டு அடி. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், நெற்றியெல்லாம் வேர்வை, அப்போதும் பாதி இறக்கத்தில் கை போனது, அடித்தேன். கீழே வந்து ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மணிக்கட்டு சிவந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தட்டறதுக்கு நீ கீற. அவனுக்குப் பக்கத்துல யாரு கீறா? ஆட்டோமேட்டிக்லயே பாஸ் பண்ணிக்கினு வரச் சொல்லு."

மூன்று மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஜெயித்துவிட்டோம் என்று இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே உனக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும் என்றேன், முடியாது, நீயே எழுது என்றுவிட்டார். அதனால் எழுதுகிறேன். இது என் புத்திமதி இல்லை, உன் நைனாவின் வார்த்தை. இது கைக்கு வந்த மறுநாளே போய் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாற்றிக்கொள்.

நீ போகிற ரோடெல்லாம் உனக்கு நல்லபடி அமையட்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. பதினெட்டாம் தேதி வெறும் வயிற்றோடு போகாதே. மருத்துவச் சான்றிதழ் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள், நீயும் அவர் பிள்ளைதான். முடிவு எதுவானாலும் அவருக்குப் போன் பண்ணு, நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
த. ராஜம்.