ஒட்டாமல் விட்ட மஞ்சள் ஸ்டிக்கர்

அக்கா,

மூக்குக் கண்ணாடியைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தபோது உங்கள் மஞ்சள் ஸ்டிக்கர் சுருள் கையில் அகப்பட்டது. பாதி தீர்ந்த சுருள். ஒவ்வொன்றிலும் கறுப்பு எழுத்தில் ‘ஹோல்ட்’. உடம்பு முடியாமல் நீங்கள் வேலையை விட்ட அன்று, “இனிமே நான் எத நிறுத்தி வைக்கப் போறேன், நீயே வச்சிக்க” என்று என் பைக்குள் திணித்தது. தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன். பிறகு மறந்தும் போனேன்.

கண்ணாடியைத் தேடியது மருத்துவமனைக் கடிதத்தைப் படிக்க. போன மாதம் மார்பகத்தைப் படம் பிடிக்கும் மேமோகிராம் எடுத்தேன். கடிதத்தில் இரண்டே வரி. சந்தேகப்படும்படி எதுவும் தென்படவில்லை. மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளது.

உங்களுக்கு வந்த அதே இரண்டு வரி, அக்கா.

முதல் வரியைப் படித்தால் நிம்மதியாக இருக்கிறது. இரண்டாவதைப் படித்தால் அந்த நிம்மதி எங்கே போனதென்று தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டேன். நர்ஸ் நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் பேசினாள்.

“ரொம்ப பேருக்கு இப்படித்தான் இருக்கும் கா, பயப்படாதீங்க. ஆனா அடர்த்தியான இடம் படத்துல வெள்ளையா விழும். கட்டியும் வெள்ளையாத்தான் விழும். அதனால சிலது மறைஞ்சு போகலாம்.”

“அப்ப எனக்கு இருக்கா, இல்லையா?”

“படத்துல ஒண்ணும் தெரியல கா.”

கேட்டதற்குப் பதில் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. போனை வைத்தேன். கையில் உங்கள் சுருள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இருபது வருடம் பாயான் பாரு தொழிற்சாலையில் நீங்களும் நானும் இதே வேலையைத்தானே பார்த்தோம்?

மைக்ராஸ்கோப்பில் குனிந்து சர்க்யூட் போர்டுகளைப் பார்ப்போம். ஈயம் பற்றவைத்த இடத்தில் விளக்கு பட்டுப் பளீரென்று வெள்ளையாய்த் தெரிந்தால், விரிசல் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. வந்த புதிதில் அப்படி ஒரு போர்டை நான் பாஸ் பெட்டியில் போட்டுவிட்டேன். நீங்கள் எடுத்து வந்து என் முன்னால் வைத்தீர்கள்.

“இதுல விரிசல் இல்லன்னு பாத்தியா, இல்ல விரிசல் தெரியலன்னு பாத்தியா?”

“ரெண்டும் ஒண்ணுதானே கா.”

“ஒண்ணு இல்ல லா. தெரியலன்னா பாஸ் இல்ல. ஹோல்ட். வேற லைட்ல திருப்பிப் பாரு.”

அந்த மஞ்சள் ஸ்டிக்கருக்காக எத்தனை இஞ்சினியர்களோடு மல்லுக்கு நின்றிருப்பீர்கள்! லாரி வாசலில் காத்திருக்கிறது என்று மேனேஜரே வந்து நின்றாலும் அசைந்து கொடுக்க மாட்டீர்கள். அப்பேர்ப்பட்ட நீங்கள் மருத்துவமனைக்குப் போனால் மட்டும் ஆளே மாறிவிடுவீர்கள். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, “சரி டாக்டர், சரி டாக்டர்.” வெளியே வந்து நான் கேட்டால், “அவங்க படிச்சவங்க, நாம என்னத்தக் கேக்குறது?” என்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் என்னை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உங்கள் கடிதம் வந்த அன்று கேன்டீனில் மீ கோரெங் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இருவரும் சேர்ந்துதான் படித்தோம். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டோம். ‘அடர்த்தி’ என்றதும் நீங்கள் உங்களையே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “நமக்குத்தான் எல்லாமே தாராளமாச்சே” என்றீர்கள். மேசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். போர்டில் அந்த வெள்ளையைப் பார்த்தால் நிறுத்திவைக்கிற இரண்டு பேர், கடிதத்தில் பார்த்ததும் பாஸ் பெட்டியில் போட்டுவிட்டோம்.

கடிதம் நல்லபடியாக வந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படிகளில் தண்ணீர்ப் போத்தலோடு நான் பின்னாலேயே வந்தேன். பாதி வழியில் நின்று, குடத்தைப் பிடித்திருந்த கையை மாற்றினீர்கள்.

“மாலா, இடது பக்கம் மார்ல ஏதோ தட்டுப்படுது புள்ள. குளிக்கும்போதும் பாத்தேன்.”

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

“லெட்டர்லதான் ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கே கா. சாமி படியில நின்னுகிட்டு என்ன சந்தேகம்? நடங்க லா.”

“அதுவும் சரிதான்” என்று நடந்தீர்கள்.

தீபாவளிக்கு முன்னால் அக்குளில் வீக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் அல்ட்ராசவுண்ட், ஊசி, அறுவை எல்லாம். நீங்கள் போய் இப்போது இரண்டு வருடம்.

யார் மேல் கோபப்படுவதென்று எனக்கு இன்னும் புரியவில்லை, அக்கா. கடிதத்தில் பொய் இல்லை. இரண்டாவது வரி அங்கேயேதான் இருந்தது. உங்களைக் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். “தட்டுப்பட்ட அன்னிக்கே வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா முடிவு மாறியிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார். என்னைத் தேற்றினாரா, திட்டினாரா? அதுவும் தெரியவில்லை. அன்று நாம் சாமிக்கு எதற்காக நன்றி சொன்னோம் என்பதும் தெரியவில்லை.

நேற்றுக் காலை மருத்துவமனைக்குப் போனேன். வேலைக்குப் போகிற அதே சட்டையோடுதான் போனேன். கடிதத்தில் இரண்டாவது வரி மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி டாக்டர் முன்னால் வைத்தேன். சின்ன வயசு டாக்டர், தமிழ்ப் பெண்தான்.

“இது என்னம்மா?”

எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உளறினேன். “தெரியலன்னு போட்டிருக்கு டாக்டர். எங்க வேலையில தெரியலன்னா பாஸ் பண்ண மாட்டோம். வேற லைட்ல பாப்போம். எனக்கு அந்த அல்ட்ராசவுண்ட் எடுக்க முடியுமா?”

அவள் சிரிக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், “எங்க அக்காவுக்கு” என்றேன். கூடப் பிறந்தவங்களா என்று கேட்டபோதுதான் இல்லை என்று தலையாட்டினேன். அப்படியும் சீட்டு எழுதினாள். “எடுத்தாலும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாதும்மா. சும்மா ஏதாவது தெரிஞ்சு உங்களப் பயமுறுத்தவும் செய்யலாம். ஆனா கேட்டது நல்லது” என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா. அந்தப் படியில் நின்று, குடத்தை இறக்கி வையுங்கள், நாளைக்கே போய்க் கேட்போம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

சுருளைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒன்று குறைவு. உங்கள் கடிதத்தில் ஒட்டியிருக்க வேண்டியதை என் கடிதத்தில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.