அம்மாவின் பெயருக்குக் கீழே

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. மடிக்கணினி விசைகளுக்குள்ளும் புழுதி.

காலையில் மாமாவின் அழைப்பு. அம்மாவின் தம்பி, உடுப்பிட்டி. என்னுடன் முதன்முதலாகக் கதைக்கிறார். அம்மாவின் அப்பா செத்து முப்பத்தோராம் நாள் வருகிறது. அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு வம்சாவளி வேண்டும்.

"ஊர்க் கல்வெட்டெல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறீராம் பிள்ளை. உம்மளை விட்டா ஆர்?"

செத்தவீட்டுக்கு அம்மா தனியே போய், படலையடியில் நின்று திரும்பியவர். அப்பாவைக் கட்டிய பிறகு அந்தக் குடும்பம் அச்சடித்த எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டேன்.

இன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "என்ரை பேர் வருமோ?"

ஓகஸ்ட் 6, புதன்

தண்ணீர் மோட்டர் பழுது. வாளியால் அள்ளிக் கைவலி.

வம்சாவளியை முழுதாக அனுப்பினேன். அம்மா. பக்கத்தில் அப்பா. கீழே நான்.

பின்னேரம் மாமா. "அக்காவைப் போடுவம். அதுக்கே பெரியப்பா ஆக்கள் குதிக்கினம். மற்றது வேண்டாம். கடற்கரை ஆக்களின்ரை பேர் கிடந்தா எங்கடை பெட்டையளுக்குக் கலியாணம் பேசேலாது."

"அப்ப நான், மாமா?"

"படிச்ச பிள்ளை. உமக்கு விளங்கும்தானே."

விளங்குகிறது. விளங்கி என்ன.

ஓகஸ்ட் 7, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். நெத்தலி துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். யோசிக்கவேயில்லை.

"அப்பிடியே போடட்டும். அப்பாவுக்குக் கீழை என்ரை பேர் கிடந்தாக் காணும்."

அப்பா கடலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஓமோம், என்னைக் கழட்டி விடுங்கோ. முப்பது வருசமா இதைத்தானே கேக்கிறன்."

அம்மா சிரித்தார். அப்பாவும். மீன் குழம்பு நல்ல உறைப்பு. இருவரும் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள்.

முதலில் அப்பாவின் பெயரை அழித்தேன். பிறகு என்னுடையதை. மாமா கேட்டபடி நேரே அச்சகத்துக்கு அனுப்பினேன். எதிர்த்து ஒரு வசனம்கூட எழுதவில்லை. எழுதினால் அம்மாவின் பெயரும் போகும்.

ஓகஸ்ட் 9, சனி

மோட்டர் இன்னும் திருத்தவில்லை. அச்சகத்திலிருந்து அழைப்பு. அம்மா ஆவலில் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தங்கச்சி, மூத்த மகளின்ரை பேருக்குக் கீழை ஒரு கோடு சும்மா தொங்குது. பேர் ஏதும் விடுபட்டுப் போச்சோ?"

அம்மாவின் கை என் தோளில் வந்து விழுந்தது.

"வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ. அடிச்சாப் பிறகு மாத்தேலாது."

"விடுபடேல்லை அண்ணை," என்றேன். "கோட்டை எடுங்கோ."