அண்ணி வரைந்த இலையும் நான் குறைத்த தையலும்

சண்டையும் பாசமும் ஒரே குரலில் வைத்திருந்த என் அமுதா அண்ணிக்கு,

முதலில் சேதி. ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவரில் மாட்டுகிற படங்கள், சாப்பாட்டு மேசையின் நடுவே விரிக்கிற நீளத் துணிகள், டீ கப் வைக்கிற சின்னச் சின்ன மெத்தைகள், எல்லாமே. மடியில் ஒரு பை, காலடியில் ரெண்டு பை என்று அண்ணனும் நானும் விருத்தாசலத்தில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம்ம கதை தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீங்க. அண்ணனுக்கு விருத்தாசலத்திலேயே பீங்கான் கம்பெனியில் வேலை, ஜாடிகளுக்கும் கோப்பைகளுக்கும் வண்ணப் பூச்சு போடுகிற பிரிவில். நான் கருவேப்பிலங்குறிச்சியில் வாக்கப்பட்ட தையல்காரி. பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை வாங்கி நீங்க முன் அறையில் வைத்த நாளிலிருந்து, தினமும் காலையில் பஸ் ஏறி உங்க வீட்டுக்கு வந்துவிடுவேன். லேப்டாப்பில் டிசைன் வரைவது நீங்க. துணியை வெட்டி, ஃப்ரேமில் மாட்டி, தைத்து முடிப்பது நான். கல்யாண ஜாக்கெட்டுகளில் எத்தனை மயில்களை உட்கார வைத்திருப்போம்!

அதில் ஒரு மயிலைப் பார்த்துத்தான், வெளிநாட்டுக்கு அலங்காரத் துணி அனுப்புகிற பாண்டிச்சேரிக் கடைக்காரம்மா தேடி வந்தார். வெளிநாட்டில் இலை உதிர்கிற காலம் வந்தால் அதற்கென்று வீட்டை அலங்கரிப்பார்களாம். ரெண்டு துணிக்கு நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்து, அதன் மேலே பழுத்த இலையும் பூசணிக்காயும் எம்பிராய்டரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

"இலை கொட்டுனா நாம பெருக்கித் தள்ளுறோம். அவங்க அத சுவத்துல மாட்டுவாங்களா?" என்று நான் சிரித்தேன்.

"கொட்டறதுக்கு முன்னாடி மரமே பூத்த மாதிரி ஆயிடுமாம் கலை. போட்டோவப் பாரு" என்று போனை நீட்டினீங்க. அன்றைக்கே நீங்க அந்த வேலைக்குள் போய்விட்டீங்க. ஒரு இலைக்கு ஆறு நிறம். திரையில் பார்த்தால் கையால் எடுக்கலாம் போல இருந்தது.

திரையில்தான். பஞ்சு வைத்த துணியில் ஓட்டியதும் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டது. ஊசி உடைந்தது. வேறு ஊசி போட்டோம், அதுவும் உடைந்தது. தையல் ரொம்ப நெருக்கமாக இருக்கிறது, குறைக்கலாம் என்றேன். பஞ்சு சரியில்லை என்றீங்க. பேச்சு வளர்ந்தது. கடைசியில், "உனக்குத் தைக்கத்தான் தெரியும். வரையறதப் பத்தி நீ பேசாத" என்று சொல்லிவிட்டீங்க. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்று நாள் நான் வரவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "அண்ணி நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். நீ வா." பஸ் விருத்தாசலம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலாம் நாள் நீங்க என்னைக் கூப்பிடுவதாக இருந்தீங்களா, அண்ணி? அண்ணனிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் மிஷினை விற்றுவிடலாம் என்றார். ஆளையும் பார்த்துவிட்டார். "அந்தச் சத்தம் கேட்டா அவ உள்ளாற ஒக்காந்திருக்கற மாதிரி இருக்குது. என்னால முடியல கலை" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? கடைக்காரம்மாவும் அதே வாரம் போனில் பேசினார். ரொம்ப வருத்தப்பட்டார். "உங்களால முடியலைன்னா பரவாயில்லைங்க, வேற இடத்துல குடுத்துக்கறேன்" என்றார்.

"முடியும்ங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. உங்க இலை இன்னொருத்தர் கையில் போகக்கூடாது என்று வாய் முந்திக்கொண்டது. அண்ணனிடமும் போய் நின்றேன். "இந்த ஒரு ஆர்டர் முடியட்டும். அப்பறம் உங்க இஷ்டம்." அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்க லேப்டாப்பைத் திறந்தேன். நீங்க எப்படி வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டீங்களோ, அப்படியே நானும் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் எதை அமுக்கினாலும் எல்லாம் கலைந்தது. ரெண்டாவது வாரம் பிடி கிடைத்தது. உங்க இலையை வேறு பெயரில் இன்னொன்று எடுத்து வைத்துக்கொண்டு, அதில் கை வைத்தேன். தையலின் நெருக்கத்தைக் குறைத்தேன். முதலில் துணியும் பஞ்சும் நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாக ஓட்டிவிட்டு, அதற்கு மேல்தான் இலை. நூல் பஞ்சுக்குள் புதையாமல் இருக்க, தண்ணீர் பட்டால் கரைந்துபோகிற மெல்லிய தாள் ஒன்றை மேலே பரப்பினேன். ஆறு நிறத்தை மூன்றாக்கினேன்.

துணி மேசைமேல் தட்டையாகப் படிந்து கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஊசி உடையவில்லை. அண்ணி, நேராகவே சொல்கிறேன்: பஞ்சு சரியாகத்தான் இருந்தது. தப்பு டிசைனில். அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. அதை உங்க முகத்துக்கு நேரே சொல்லி, நீங்க உதட்டைச் சுழிப்பதைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் அந்த மேசையில் தலை வைத்து அழுதேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன், அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக அந்த அறை வாசலில் வந்து நின்றார். துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்குது. ஆனா இல செத்துப் போச்சு."

"உதிர்ற இலதானே?"

"உதிர்ற இலதான். அதுக்குன்னு காஞ்ச சருகா? ஓரத்துலேர்ந்துதான் செவக்கும். நரம்புகிட்ட பச்ச கடைசியாத்தான் போவும். இரு வரேன்."

வெளியே போனவர், கை நிறையப் பாதாம் இலைகளோடு வந்தார். ஆடிக் காற்றில் ஸ்டேஷன் ரோட்டில் உதிர்ந்து கிடந்தவை. வழியெல்லாம் கிடக்கிறது, நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. சிவப்பு, செங்கல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், மண் நிறம், நரம்பை ஒட்டி ஒரு பச்சைக் கோடு. நீங்க போட்ட ஆறு நிறமும் அதில் இருந்தது. அப்போதுதான் அண்ணன் சொன்னார். "அவ இதப் பொறுக்கிட்டு வந்துதான் வரைஞ்சா. போட்டோவுல இருக்கற செவப்பு பொய்யின்னு சொன்னா."

ஆறு நிறத்தையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஒரு நிறம் முடிகிற இடத்தில் அடுத்தது மெலிதாகக் கலக்கிற மாதிரி. எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தார். வருஷக்கணக்காக வண்ணப் பூச்சு பார்த்த கண் இல்லையா? அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாபினில் அடிநூல் சுற்றிக் கொடுத்தார். மிஷினைக் கேட்டு அந்த ஆள் ஒரு நாள் போன் செய்தபோது, "மிஷின் வேலையில இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

வேலை முடிகிற சமயத்தில் கடைக்காரம்மா இன்னொன்று கேட்டார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் சின்னத் துணியில் செய்தவர் பெயர் வேண்டும், அதை வாங்குகிறவர்கள் விரும்புவார்களாம். நான் லேப்டாப்பில் உங்க பெயரை இங்கிலீஷில் அடிக்கப் போனேன்.

"தமிழ்ல போடு" என்றார் அண்ணன்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே?"

"தெரியாட்டி கேட்டுக்கட்டும்."

மிஷின் ஓடத் தொடங்கியது. அ வந்தது, மு வந்தது, தா வந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் பிடிக்கவில்லை என்று எழுந்து போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தத மாட்டு" என்றார்.

பாண்டிச்சேரியில் கடைக்காரம்மா ஒவ்வொன்றாக விரித்து, முன்பக்கம் தடவி, பின்பக்கம் திருப்பினார். பெயரை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, "இது அவங்க போட்டது அப்படியேவா?" என்று கேட்டார்.

"இல அவங்களுது. தையல நான் கொறைச்சேன்" என்றேன். அண்ணி, முன்னால் என்றால் பயந்துபோய் ஆமாம் அப்படியேதான் என்றிருப்பேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நீங்க வரைந்ததும் பெருமை, நான் மாற்றியதும் பெருமை.

அடுத்து பனிக்கால அலங்காரம் கேட்டிருக்கிறார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், பனி விழுகிற மரங்கள். பனியை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அதற்கு உங்க லேப்டாப்பில் ஒரு கோடுகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நேற்றே ஒரு கிளை வரைந்துவிட்டேன். அண்ணன் அதற்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பனி நல்லா வந்தாலும் சொதப்பினாலும் அது என் பெயரில்தான் போகும், உங்க பெயருக்குப் பின்னால் நான் ஒளிய மாட்டேன். இந்த இலையை எத்தனை தடவை தைத்தாலும், நான் அதில் எவ்வளவு மாற்றினாலும், பின்பக்கம் உங்க பெயர் இல்லாமல் அது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது.

வரையவும் கற்றுக்கொண்டுவிட்ட உங்க நாத்தனார்,
கலைச்செல்வி