தோட்டத்துப் பதில் குரல்

சின்னமனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது.

உன் சாப்பாடு, அங்கே அடிக்கும் குளிர் எல்லாம் போனிலேயே விசாரித்துவிட்டேன். இது போனில் சொல்ல முடியாத சேதி. நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

அவருக்குத் தொண்டை கம்மியிருக்கிறது என்று சொன்னேனே, அது வெறும் கம்மல் இல்லை. கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், ஆனால் இந்தக் குரல் இருக்காது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். "ஊமையா உக்காந்து சோறு திங்கவா?" என்று கேட்டுவிட்டு இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உன் கச்சேரி கெட்டுவிடும், உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். அதை மீறியதற்கு எனக்கு வருவது வரட்டும்.

கச்சேரிக்காக நீ இசையமைத்து அனுப்பிய பாட்டைக் கேட்டோம். வயலின்காரர்களும் பாடுகிற பெண்ணும், நடுநடுவே கம்ப்யூட்டரில் அப்பாவின் குரலும். அந்தப் பெண் பாடுவதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம், கோபித்துக்கொள்ளாதே. தோட்டத்தில் மைனா விரட்டும் தன் சத்தத்தை நீ பதிவு பண்ணிக்கொண்டுபோய்த் துண்டு துண்டாக்கி ஒட்டியதில் அப்பாவுக்கு வருத்தமே இல்லை. திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணுவதுபோலத்தான் என்கிறார்.

போன வாரம், தனக்குத் தொண்டை எழும்பவில்லை என்று, அதையே திராட்சைப் பந்தல் காலில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டுவிட்டார். நம் தோட்டத்தில் குரல் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்தார் பதில் குரல் கொடுக்க வேண்டுமே, இல்லாவிட்டால் கிளம்பிய பறவை அங்கே போய் இறங்கிவிடும். பக்கத்துத் தோட்டத்துக் கர்ணன், மாமாவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது என்று நினைத்து உற்சாகமாகப் பதில் கொடுத்திருக்கிறான். ஸ்பீக்கர் மறுபடி கூப்பிட, அவனும் மறுபடி. நீ வெட்டி ஒட்டிய இடம் வந்ததும் மாமாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கத்தரியும் கையுமாக ஓடிவந்தான்.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஸ்பீக்கரைக் காட்டிக் கர்ணனிடம் சொன்னார்: "இனிமே இது கூப்புட்டுக்கிரும். பதில் குடுக்க நீ இருக்க. போதும்லே." சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு அவர்கள் கொடுத்த தேதி உன் கச்சேரிக்கு மறுநாள். தள்ளிப்போடக் கூடாதாம். நீ மேடையில் நிற்க எத்தனை வருஷம் பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். அது நல்லபடியாக நடக்க வீரபாண்டி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். நீ அங்கே இல்லாமலே நடக்குமா என்று யாரையாவது கேள்.

அப்பாவின் குரல்தான் பத்திரமாக இருக்கிறதே என்று இருந்துவிடாதே. நீ எடுத்துக்கொண்டு போனது அவர் மைனாவை விரட்டும் குரல். உன்னை "ஏ ஆத்தா" என்று கூப்பிடும் குரல் அதில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சீக்கிரம் புறப்பட்டு வா.

உன் அம்மா,
உமாதேவி