அவள் சீட்டில் இருந்த எண்

ஆவணி 3, செவ்வாய்.

வடக்கனந்தல் புதுத் தம்பதியின் பரிசோதனை முடிவு இன்று வந்தது. இருவருக்கும் உடம்பெல்லாம் படை. "உங்க வீட்டம்மாகிட்டேருந்துதான் ஒட்டியிருக்கும்" என்று போன மாதம் கணவனிடம் சொன்னவள் நான். பரிசோதிக்காமலே சொன்னேன். இப்போது பார்த்தால், பூஞ்சை ஒன்றுதான், மரபணு வேறு. மருந்துக்கு அடங்காத மாற்றம் அவனுடையதில் மட்டும் இருக்கிறது. அவளிடமிருந்து வந்ததே இல்லை.

உடனே அவனுக்கு போன் செய்தேன்.

"அவ இங்க இல்லீங்க டாக்டரம்மா. ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போயிருக்கான்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்கேன்."

"ஆடிதான் முடிஞ்சிடுச்சே?"

"அவளாலதான்னு நீங்கதான சொன்னீங்க? இனிமே இன்னாத்துக்கு கூப்புடறது?"

தப்பு என்னுடையது என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவே இல்லை. அவளிடமே சொல்லிவிடலாம் என்று அவள் மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்தேன்.

அதிலும் அவன் எண்தான்.